மிக்சி நல்லதா என்று யாரைக் கேட்பது?

மிக்சி வாங்க வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி?" என்றுதான். அதே மிக்சி இரண்டு மூன்று வருடம் கழித்துப் பழுது பார்க்கும் மேஜைக்கு வரும்போது பேச்சு மாறியிருக்கும்: "நல்ல கம்பெனின்னு சொல்லித்தானே தம்பி வாங்கினோம், இப்படிப் பண்ணிடுச்சே?" மேஜைக்குப் பின்னால் இருப்பவர் கம்பெனிப் பெயரைப் படிக்கக்கூட மாட்டார். ஜாரைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பார். நடுவில் பிளேடுத் தண்டைத் தாங்கும் சின்னக் குழலான புஷ்ஷைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுக்குப் படிந்திருந்தால் பாதி விவரம் அங்கேயே தெரிந்துவிடும்.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது? பிளேடைத் தாங்கும் தண்டு ஒரு புஷ்ஷுக்குள் சுழல்கிறது. தேய்ந்த உலோகப் பொடியும் பழைய எண்ணெயும் மசாலாத் தண்ணீரும் சேர்ந்து அடியில் கசிகின்றன. தொடக்கத்தில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. துடைத்துவிட்டு அரைப்பார்கள். பிறகு தண்ணீர், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் வழியே மோட்டார்த் தண்டில் இறங்கி மேல் பேரிங்கைப் பிடிக்கும். உப்பும் புளியும் கலந்த தண்ணீர் பேரிங்குக்கு ஆகாது. தண்டு இறுகும், மோட்டார் முக்கும், சுருள் சூடேறும். கடைசியில் "காயில் எரிஞ்சுபோச்சு, இந்தக் கம்பெனியே சரியில்லை" என்று தீர்ப்பாகிவிடும். மோட்டாருக்கு நேர்ந்த சாவுக்குக் காரணம் ஜாரின் அடியில் இருந்த சின்னப் புஷ். ஆறு மாதம் முன்பே அதை மாற்றியிருந்தால் மோட்டார் பிழைத்திருக்கும்.

வாங்கியவரின் அனுபவம் பொய்யில்லை. மிக்சி எரிந்தது உண்மை, பணம் போனதும் உண்மை. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து அவர் எடுத்த முடிவு இன்னொருவருக்கு உதவாது. கம்பெனிப் பெயரை மட்டும் நம்பி வாங்குவதில் எவ்வளவு ஓட்டை இருக்கிறதோ, பக்கத்து வீட்டில் "நல்லா இருக்கா?" என்று கேட்டு வாங்குவதிலும் அவ்வளவு இருக்கிறது. இரண்டையுமே எப்படிக் கேட்பது என்று தெரிந்து கேட்க வேண்டும்.

பெயருக்கும் வேலைக்கும் உள்ள தூரத்துக்கு இந்திய மிக்சியின் பிறப்பே சாட்சி. 1960களின் தொடக்கத்தில் மும்பையில் மாதுரி மாத்தூர் என்பவர் வைத்திருந்த ஜெர்மானிய பிரான் மிக்சி எரிந்துபோனது. உலகமெங்கும் நல்ல பெயர் உள்ள கம்பெனி. ஆனால் அந்த இயந்திரம் பழச்சாறுக்கும் கேக் மாவுக்கும் செய்யப்பட்டது. ஊறவைத்த பருப்பும் தேங்காயும் அதன் கணக்கில் இல்லை. இங்கே பழுது பார்க்கவும் வழியில்லை. சீமென்ஸில் பொறியாளராக இருந்த அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர், நம் சமையலைத் தாங்கும் மோட்டாரை உருவாக்கும் வேலையில் இறங்கினார். 1963ல் சுமீத் மிக்சி வந்தது. ஒரு சமையலறையின் புகார்தான் அதற்கு மூலம். அந்தப் புகாரைச் சரியாகப் படிக்க ஒரு பொறியாளர் வீட்டிலேயே இருந்தார் என்பது அதிர்ஷ்டம்.

பெயர் நிற்கும்போதே அதன் பின்னால் இருப்பவர் மாறுவதும் உண்டு. சென்னையில் 1978ல் தொடங்கிய ப்ரீத்தியை 2011ல் பிலிப்ஸ் வாங்கியது. பட்டர்பிளை 2022ல் கிராம்ப்டன் கைக்குப் போனது. இதனால் தரம் கூடியது, குறைந்தது என்று சொல்ல வரவில்லை. அம்மா வீட்டில் இருபது வருடம் ஓடிய மிக்சியின் பெயரைப் பார்த்து இன்று வாங்குகிறவர், அந்தப் பழைய இயந்திரத்தை வாங்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். போதாததற்கு ஒரே பெயரில் 500 வாட், 750 வாட், 1000 வாட் என்று வெவ்வேறு மோட்டார்கள், வெவ்வேறு ஜார்கள். விலை குறைந்த மாடலை வேறொரு தொழிற்சாலையில் செய்து வாங்கித் தங்கள் பெயர் ஒட்டி விற்பதும் இந்தத் தொழிலில் சாதாரணம். ஆகவே "அந்தக் கம்பெனி நல்லதா?" என்பதற்கு ஒழுங்கான பதிலே கிடையாது. எந்த மாடல், எத்தனை வாட், எந்த வருடம் வாங்கியது என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும்.

அப்படியானால் பெயரால் பயனே இல்லையா? ஒரு விஷயத்தில் நிறைய உண்டு: உதிரிபாகம். ஆறாவது வருடம் சின்ன ஜார் உடைந்தால் அதே அளவில் ஜார் கிடைக்குமா, கப்ளர் கிடைக்குமா, மோட்டாருக்குள் சுழலும் பாகமான ஆர்மேச்சர் கிடைக்குமா என்பதைப் பெரிய பெயர் ஓரளவு உறுதி செய்கிறது. ஜார் அடியின் பூட்டும் கப்ளரின் பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் வேறு. மோட்டார் திடமாக இருந்தும் ஜார் கிடைக்காததால் பரணுக்குப் போன மிக்சிகள் ஏராளம். மிக்சி வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி: இந்த மாடலின் சட்னி ஜார் தனியாக என்ன விலை, கையிருப்பில் உள்ளதா? கடைக்காரர் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

இனி அனுபவப் புகார்கள். அடிக்கடி வருவது "கப்ளர் பிய்ஞ்சு பிய்ஞ்சு போகுது". மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் அந்த ரப்பர் அல்லது நைலான் துண்டு, சுமை மிஞ்சும்போது முதலில் போக வேண்டியதாகவே வைக்கப்பட்டது. அது பிய்யும்போது பெரும்பாலும் ஜாரின் பிளேடு இறுகியிருக்கும். முந்தின நாள் மசாலா புஷ்ஷுக்குள் காய்ந்து பிடித்திருக்கும். ஜாரைச் சரிசெய்யாமல் கப்ளரை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமும் போகும். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் கெட்டியான கப்ளரைப் போட்டு "இனி பிய்யவே பிய்யாது" என்பவர்களும் உண்டு. பிய்யாதுதான். அடுத்த இறுக்கத்தை ஆர்மேச்சர் தாங்கிக்கொள்ளும், தாங்க முடிகிறவரை.

டிரிப் சுவிட்ச் மீதும் இதே கோபம். அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் வெளியே வந்தால் மோட்டார் நின்றுவிடும். "அடிக்கடி நிக்குது, மட்டமான மிக்சி" என்பார்கள். அளவுக்கு மேல் போட்டாலோ, கெட்டியாக அரைத்தாலோ அது நிற்கத்தான் வேண்டும். நின்றதும் உடனே அழுத்தி ஓட்டுவதுதான் தவறு. ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்த வேண்டும். புது மிக்சியில் முதல் சில தடவை வரும் வாடையும் அப்படித்தான். சுருளில் பூசிய வார்னிஷ் சூடாவதால் வருவது, தானாகப் போய்விடும். புகையோடு வந்தால் அது வேறு.

இதில் மின்சாரத்துக்கும் பங்கு இருக்கிறது. தெருக்கோடி வீடுகளில் மாலை நேரத்தில் 180 வோல்ட்டுக்கு இறங்குவது உண்டு. வோல்ட் குறைந்தால் சுற்று குறையும்; ஆனால் அதே கெட்டி மாவைத் திருப்ப மோட்டார் இழுக்கும் கரன்ட் பெரிதாகக் குறையாது. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது, அதுவும் மெதுவாகச் சுற்றும். அரைபட நேரமும் கூடும். சூடு வெளியேற வழியில்லை. அடியில் பிளாஸ்டிக் விரிப்போ துணியோ போட்டுக் காற்றுத் துளைகளை மூடியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரே மாடல் ஒரு வீட்டில் பத்து வருடமும் அடுத்த தெருவில் இரண்டு வருடமும் ஓடுவதற்கு இதுபோன்ற காரணங்கள் போதும்.

அதனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பதானால் கேள்வியை மாற்ற வேண்டும். என்ன அரைக்கிறீர்கள்? சட்னியும் மசாலாவும் மட்டுமா, இட்லி மாவும் அதிலேயேவா? வீட்டில் எத்தனை பேர்? மஞ்சள், மல்லி போன்ற உலர் பொருள் போடுவதுண்டா? இதுவரை எந்தப் பாகம் மாற்றினீர்கள், எத்தனையாவது வருடம், சரிசெய்து வர எத்தனை நாள் ஆயிற்று? மூன்று பேர் வீட்டில் தேங்காய்ச் சட்னி மட்டும் அரைப்பவர் கொடுக்கும் நற்சான்று, எட்டுப் பேருக்கு அடை மாவு அரைக்கப் போகிறவருக்குச் செல்லாது. பெட்டியில் 30 நிமிட ரேட்டிங் என்று போட்டிருப்பதை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டலாம் என்று படிக்கிறவர்கள் உண்டு. ஐந்து நிமிட ஓட்டம், இரண்டு நிமிட ஓய்வு என்று விட்டு விட்டு ஓட்டுவதற்கான கணக்கு அது. வாட் என்பதும் மோட்டார் இழுக்கும் மின்சாரம், அரைக்கும் பலம் அல்ல.

இணையத்தில் நட்சத்திரம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெட்டி பிரித்த வாரத்தில் எழுதியவர்கள். நிறம் அழகு, சீக்கிரம் வந்து சேர்ந்தது, சத்தம் அதிகம். சத்தத்தைத் தரக்குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெறுமனே ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்றுக்கு மேல் போகும் இயந்திரம் சத்தம் போடாமல் என்ன செய்யும்? இரண்டு, மூன்று நட்சத்திரத்தில் ஒரு வருடம் கழித்து எழுதியதைத் தேடிப் படிக்கலாம். வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒரே பாகத்தைச் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும்: "மூடி வாஷர் தளர்கிறது", "கைப்பிடித் திருகு கழல்கிறது". ஒரே புகார் ஒரே வயதில் திரும்பத் திரும்ப வந்தால் அது இயந்திரத்தின் குறை. ஆளாளுக்கு ஒன்று சொன்னால் பெரும்பாலும் பயன்படுத்தும் விதம். இந்த விமரிசனங்களை எப்படிச் சேகரித்து வெளியிட வேண்டும் என்று இந்திய தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) 2022ல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. வந்தபோது அது கட்டாயமாக்கப்படவில்லை; எப்படியானாலும் நம்முடைய கண்தான் சல்லடை.

சர்வீஸ்காரரின் வார்த்தையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்வதில் தொழிலுக்கு வெட்கமில்லை. மேஜைக்குப் பழுதானவை மட்டுமே வருகின்றன. ஊரில் அதிகம் விற்ற பெயர்தான் மேஜையிலும் அதிகம் கிடக்கும். அதைப் பார்த்து "இந்தக் கம்பெனிதான் நிறைய வருது" என்றால் கணக்கு தப்பு. பிரிக்கச் சுலபமான, பாகம் உடனே கிடைக்கிற மிக்சியைச் சர்வீஸ்காரருக்குப் பிடிக்கும். அந்தப் பிரியமும் பேச்சில் கலக்கும். எத்தனை வந்தது என்பதைவிட எந்த வயதில் எதற்காக வந்தது என்று அவரிடம் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். ஏழாவது வருடம், ஆர்மேச்சரில் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் மாற்ற வந்ததும் ஒன்றரை வருடத்தில் ஆர்மேச்சர் போய் வந்ததும் கணக்கில் ஒவ்வொன்றுதான். ஆனால் இரண்டும் ஒன்றா?

அந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிரஷ்ஷைக் கழற்றி ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளைப் பாருங்கள். சாக்லேட் நிறத்தில் ஒரே சீராக மினுங்கினால் மோட்டார் நல்ல உடம்போடு இருக்கிறது. பிரஷ்ஷை மாற்றிச் சில நிமிடம் சுமையில்லாமல் ஓட்டிப் படியவிட்டால் போதும். புது பிரஷ் படியும்வரை கொஞ்சம் பொறி பறக்கும். ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் கருகிக் குழிந்து, ஓடும்போது வளையமாக நெருப்புச் சுற்றினால் சுருளுக்குள் அறுந்திருக்கிறது அல்லது ஒட்டியிருக்கிறது. அங்கே பிரஷ் மாற்றுவது வீண் செலவு.

கடையில் மோட்டாரைத் திறந்து பார்க்க முடியாது. ஜாரைப் பார்க்கலாம். பிளேடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. விரலால் சுற்றினால் எங்கும் பிடிக்காமல் சுற்ற வேண்டும். மோட்டார் பாகத்தைக் கவிழ்த்து டிரிப் பொத்தான், காற்றுத் துளைகள், மேலே சிந்தும் தண்ணீர் வெளியேறும் வழி மூன்றும் உள்ளனவா என்று பாருங்கள். ஒரே வாட் உள்ள இரண்டில் ஒன்று மிகவும் லேசாக இருந்தால் சுருள் செம்பா அலுமினியமா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மின்கடத்துத் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். அதே வேலைக்குத் தடித்த கம்பி வேண்டும், அதே இடத்தில் அது அடங்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு என்று வந்துவிடும். ஒட்டியிருக்கும் பெயரும் உரிமம் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று அங்கே தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு ஜாரிலும் பாதி தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். தாள் நனைந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லலாம். இதே சோதனையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்தால் புஷ் தேய்வது முன்கூட்டியே தெரியும். உத்தரவாத அட்டையில் மோட்டாருக்கு 5 வருடம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். சின்ன எழுத்தில் புஷ், கப்ளர், வாஷர், பிரஷ் அதில் சேராது என்று இருக்கும். தண்ணீர் இறங்கி எரிந்த மோட்டாருக்கும் பெரும்பாலும் காசு கேட்பார்கள். ஜார் கசிகிறது என்று உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே எழுத்தில் புகார் பதிந்து, புகார் எண்ணை பில்லின் பின்பக்கம் எழுதி வைத்திருப்பவரிடம் அந்தப் பேச்சை எடுக்கச் சர்வீஸ் சென்டரும் கொஞ்சம் யோசிக்கும்.