ஒருங்கிணைந்த கார்பன் ஹேண்டில்பாரைப் பூட்டிய கதை

2019-இல் வாங்கிய என் ரோடு பைக்கின் (சாலைச் சைக்கிளின்) ஹேண்டில்பாரைச் சுற்றியிருக்கும் பார் டேப்பை மாற்றுவதற்காகச் சென்ற ஆண்டு உரித்தபோது, இடப்பக்க வளைவில், பிரேக் லீவரைப் பிடித்திருக்கும் பட்டைக்குச் சற்றுக் கீழே, வெள்ளைப் பொடி படர்ந்திருப்பதைக் கண்டேன். நகத்தால் சுரண்டினேன். பொடி உதிர்ந்த இடத்தில் அலுமினியம் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக அரித்துப் போயிருந்தது. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் குடியிருக்கும் நான், ஞாயிறுதோறும் ஃபெரியில் பினாங்குத் தீவுக்குப் போய், ஜார்ஜ் டவுனிலிருந்து பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங், பாலிக் பூலாவ் வழியாகத் தீவைச் சுற்றி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓட்டுகிறவன். அந்த ஓட்டங்களில் கையிலிருந்து வழிந்த வியர்வை டேப்புக்குள் ஊறி, காய வழியின்றி, உப்பாக உள்ளே தங்கிவிட்டிருக்கிறது. இறக்கத்தில் முழு உடல் பாரத்தையும் தாங்கும் குழாயில் அப்படியொரு அரிப்பை வைத்துக்கொண்டு இனி ஓட்டக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

பழையது போலவே இன்னொரு அலுமினிய பார் வாங்கியிருந்தால் அன்று மாலையே வேலை முடிந்திருக்கும். ஆனால் ஸ்டெமும் (பாரைச் சைக்கிளின் முன்பகுதியோடு இணைக்கும் பாகம்) பாரும் ஒரே வார்ப்பாக இருக்கும் ஒருங்கிணைந்த கார்பன் பாரின் மேல் எனக்கு நெடுநாள் ஆசை இருந்தது. கார்பன் வியர்வையில் அரிக்காது. தட்டையான மேற்பகுதியில், ஏற்றத்தின்போது உள்ளங்கை வசதியாகப் படியும். நான் ஏற்கெனவே ஷிமானோ நிறுவனத்தின் 105 டிஐ2 மின்னணு கியருக்கு மாறிவிட்டதால், லீவரிலிருந்து கியர் கேபிள் எதுவும் வராது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கின் இரண்டு ஹோஸ்களை (குழல்களை) மட்டும் பாருக்குள் செலுத்தினால் போதும். இயந்திர கியர் வைத்திருப்பவர்களுக்கு இது இவ்வளவு எளிதல்ல. உள்ளிருக்கும் கூர்மையான வளைவுகளில் கியர் கேபிள் உரசி, மாற்றும் ஒவ்வொரு முறையும் விரலுக்குக் கடினமாகத் தெரியும்.

இந்த வகை பாரை வாங்கும்போது ஸ்டெம் நீளம், பாரின் அகலம், அதன் சாய்வு ஆகிய மூன்றையும் சேர்த்தே வாங்குகிறோம். தனித்தனிப் பாகங்களாக இருந்தால், நீளம் தவறானால் ஸ்டெமை மட்டும் மாற்றலாம். சாய்வு பிடிக்காவிட்டால் நான்கு போல்ட்டுகளைத் தளர்த்தி பாரைச் சற்றே சுழற்றலாம். இதில் அந்த வழி இல்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு மில்லிமீட்டரும் முடிவாகியிருக்க வேண்டும்.

முதலில் ஃபிரேம் எதை ஏற்கும் என்று பார்த்தேன். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலிருந்து மேலேறி ஸ்டெமைத் தாங்கும் ஸ்டியரர் குழாய் வட்டமானது, விட்டம் 28.6 மி.மீ. அதனால் பெரும்பாலான பார்கள் பொருந்தும். ஆனால் ஹோஸ்கள் வெளியே எங்குமே தெரியாமல் ஹெட்செட்டின் (ஸ்டியரர் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) மேல் பேரிங் வழியாக இறங்கும் முறை என் ஃபிரேமுக்கு ஒத்துவராது. அதற்கு மேல் பேரிங் ஒன்றரை அங்குல அளவில் இருந்தால்தான் ஸ்டியரருக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஹோஸ் இறங்க இடம் கிடைக்கும். என்னுடையது சிறிய பேரிங். ஹோஸ்கள் கீழ்க்குழாயின் துளை வழியாக ஃபிரேமுக்குள் போகின்றன. ஆகவே, ஸ்டெமின் அடியில் ஹோஸ் வெளிவந்து, கொஞ்ச தூரம் கண்ணுக்குத் தெரிந்து, பிறகு ஃபிரேமுக்குள் புகும் வகையைத் தேடினேன். முதலில் இது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தபோது, நம் ஊர் மழைக்கும் வியர்வைக்கும் இதுவே நல்லது என்ற முடிவுக்கு வந்தேன். இங்கே மேல் பேரிங் சீக்கிரமே துருப்பிடித்துவிடுகிறது. முழுவதும் மறைந்த அமைப்பில், அந்தச் சிறிய பேரிங்கை மாற்றுவதற்காகப் பல நேரங்களில் பிரேக் ஹோஸ்களையே கழற்றி, எண்ணெயை மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும்.

அடுத்து அளவுக் கணக்கு. என் பழைய ஸ்டெம் 100 மி.மீ., சாய்வு மைனஸ் 6 பாகை. பழைய பாரின் முன்நீட்டம், அதாவது பார் முன்னோக்கி நீளும் தூரம், 80 மி.மீ. எனக்குப் பிடித்திருந்த கார்பன் பாரின் முன்நீட்டமோ 70 மி.மீ.தான், அதன் ஸ்டெம் சாய்வு மைனஸ் 10. ஸ்டெமின் எண்ணை மட்டும் பார்த்து அதே 100-ஐ வாங்கியிருந்தால், கைப்பிடி ஒரு சென்டிமீட்டர் என்னை நோக்கி வந்திருக்கும். ஆகவே 110 வேண்டும் என்று தெளிவானது. உயரத்துக்கு ஒரு தாளில் முக்கோணம் வரைந்தேன். ஸ்டியரரைச் சுற்றியிருக்கும் தலைக்குழாயின் கோணம் என் ஃபிரேமில் 73 பாகை. ஸ்டெமின் சாய்வை ஸ்டியரருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்கிறார்கள்; அந்தக் கோடே 17 பாகை மேல்நோக்கி இருப்பதால், மைனஸ் 6 ஸ்டெம் கிடைமட்டத்திலிருந்து 11 பாகை மேல்நோக்கி நிற்கும், மைனஸ் 10 ஸ்டெம் 7 பாகை மட்டுமே. முதலாவது பாரை 19 மி.மீ. உயர்த்துகிறது; இரண்டாவது, 110 மி.மீ. நீளத்தில், 13 மி.மீ.க்குச் சற்றே அதிகமாக உயர்த்துகிறது. ஆக, கைப்பிடி ஏறத்தாழ 6 மி.மீ. இறங்கும். ஸ்டெமுக்கு மேலே 10 மி.மீ. ஸ்பேசர்கள் (இடைவளையங்கள்) வைத்திருந்தேன், அவற்றில் 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்றைக் கீழே மாற்றினால் உயரம் ஈடாகிவிடும். ஸ்டியரர் சாய்ந்திருப்பதால் அந்த ஸ்பேசர் பாரைச் சுமார் ஒன்றரை மி.மீ. பின்னுக்கும் தள்ளும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் பழைய நிலைக்கும் புதிய நிலைக்கும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டர் அளவில் நின்றது. ஸ்டியரரைச் சரியான உயரத்துக்கு வெட்டிவிடாமல் மேலே கொஞ்சம் விட்டு வைத்திருந்தது இந்த இடத்தில்தான் கைகொடுத்தது.

அகலத்தில் எனக்குக் குழப்பம் இருந்தது. சில தயாரிப்பாளர்கள் குழாயின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கிறார்கள். சிலர் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு குழாயின் தடிமன் அளவுக்கு வித்தியாசம் வரும். மேலே குறுகியும் கீழே விரிந்தும் இருக்கும் பார்களில் எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். பந்தய வீரர்கள் மிகக் குறுகிய பார்களுக்குப் போனதால் உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ 2023 முதல் வெளிவிளிம்பு அகலம் 350 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று விதித்தது. 2026 முதல் சாலைப் பந்தயங்களில் அது 400 ஆனது. எனக்குப் பந்தயம் இல்லை. தோள் எலும்புகளுக்கு இடையே 390 மி.மீ. இருந்தது. லீவர் நிற்கும் இடத்தில் 380-ம் கீழ்ப்பிடியில் 420-ம் கொண்ட பாரைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டும் நடுவிலிருந்து நடுவுக்கு.

தாளில் போட்ட கணக்கை அப்படியே நம்பிவிடவில்லை. நண்பர் ஒருவரிடம் 70 மி.மீ. முன்நீட்டமும் 380 அகலமும் கொண்ட பழைய அலுமினிய பாரையும், மைனஸ் 10 சாய்வில் 110, 120 நீளமுள்ள இரண்டு ஸ்டெம்களையும் இரவல் வாங்கினேன். முதல் ஞாயிறு ஆசைப்பட்டு 120-ஐ மாட்டினேன். சமதரையில் அருமையாக இருந்தது. தெலுக் பஹாங் அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறி, தித்தி கெராவாங்கிலிருந்து பாலிக் பூலாவ் நோக்கி இறங்கும்போது கழுத்து இறுகி, வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப் போயின. அடுத்த இரண்டு ஞாயிறும் 110-இல் ஓட்டினேன். அந்தத் தொல்லை இல்லை. ஒருங்கிணைந்த பார் வாங்க நினைக்கும் யாருக்கும் நான் அழுத்திச் சொல்லக்கூடியது இதைத்தான்: இரவல் பாகங்களில் அதே அளவை அமைத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் மிகக் கடினமான பாதையில் ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

வீட்டில் ஒரு தடை வந்தது. 2021 மார்ச்சில் பெல்ஜியத்தின் லெ சமின் பந்தயத்தில், சைக்கிள் வீரர் மாத்யூ வான் டர் பூலின் கார்பன் பாரின் ஒரு பக்கம் இறுதிக் கட்டத்தில் உடைந்து தொங்கிய காணொளியை என் மனைவி எங்கோ பார்த்திருந்தார். “இதைத்தானே வாங்கப் போறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இணையத்தில் பெயரில்லாத பார்கள் 300 மலேசிய வெள்ளிக்கும் கிடைத்தன. ஆனால் சோதனைச் சான்று எதுவும் காட்ட முடியாத பொருளின் மேல் இறக்கத்தில் உயிரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. சைக்கிள் பாகங்களுக்கான ஐஎஸ்ஓ 4210 தரப்படி சோதிக்கப்பட்டதாக எழுத்தில் தந்த ஒன்றை, அதைப் போல நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் டார்ச் விளக்கை அடித்து உட்புறத்தைப் பார்த்தேன்; சுருக்கமோ பிசிறோ இல்லை. ஸ்டியரர் பிடியின் உள்விளிம்பில் கூர்முனை இருக்கிறதா என்று விரலால் தடவியும் பார்த்தேன். அந்த விளிம்பு கூராக இருந்தால் கார்பன் ஸ்டியரரைக் கீறிவிடும்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் பூட்டும் வேலையில் ஒரு தவறு நேர்ந்தது. வேலையைக் கொடுத்த கடையில், லீவர்களை இறுதி இடத்தில் நிறுத்துவதற்கு முன்பே ஹோஸ்களை வெட்டிவிட்டார்கள். வண்டியை எடுக்கப் போன நான், கடைக்கு வெளியே ஐந்தடிப் பாதையில் வைத்து பாரை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பினேன். பின் பிரேக்கின் ஹோஸ் கிடார்க் கம்பி போல விறைத்து, கீழ்க்குழாய்த் துளையின் ரப்பரை வெளியே இழுத்தது. லீவரை வளைவில் 8 மி.மீ. மேலே ஏற்ற வேண்டும் என்று நான் கேட்டதுதான் காரணம் என்றார்கள். அதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். வெட்டிய ஹோஸை நீட்ட முடியாது. லீவரிலிருந்து ஃபிரேம் வழியாகப் பின்சக்கரம் வரை புதிதாக 1,700 மி.மீ. ஹோஸ் போட வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை பட்டர்வொர்த்தில் வீட்டு முன்கூடத்திலேயே பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். “தம்பி, லீவர் நிக்கிற இடம் முடிவான பிறகுதான் கத்தியை எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தாங்கியில் ஏற்றாமல் சுவரோரம் நிறுத்தி, என்னை அதன் மேல் உட்கார வைத்தார். லீவர்களைப் பிடித்து, நிமிர்ந்து, குனிந்து, கால் மணி நேரம் பார்த்த பிறகு வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டார். பிறகு மெல்லிய எஃகு கியர் கம்பியை ஸ்டெமின் அடித்துளையில் நுழைத்து, பாரின் வெளிப்பக்கம் ஒரு காந்தத்தை வைத்து மெதுவாக நகர்த்தினார். கார்பனைக் காந்தம் இழுக்காது; உள்ளேயிருக்கும் கம்பியை மட்டும் இழுக்கும். வளைவில் கம்பி இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை, லீவருக்கு அடியிலுள்ள துளையில் அதன் நுனி பளபளத்து எட்டிப் பார்த்தது. அந்தக் கம்பியின் மேல் ஹோஸைக் கோத்துத் தள்ள, அதுவும் வழி தவறாமல் வந்து சேர்ந்தது. ஹோஸ் உள்ளே தட்டித் தட்டி ஒலிக்காமலிருக்க, நுழைக்கும்போதே அதற்கு மெல்லிய நுரைக்குழாய் உறை போட்டார். ஜார்ஜ் டவுனின் பழைய சந்துகளில் ஓட்டுகிறவர்களுக்கு இது அவசியம்.

பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, அதற்கு மேல் இரண்டு விரற்கடை தாராளம் விட்டு, அவர் ஹோஸை நேராக ஒரே வெட்டில் நறுக்கினார். இணைப்பு போல்ட்டையும், இறுகும்போது கசிவை அடைக்கும் ஒலிவ் வளையத்தையும் கோத்து, ஹோஸின் வாயில் உலோக முனையைத் தட்டி இறக்கி, போல்ட்டை 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் முறுக்குக்குள் முடுக்கினார். ஷிமானோ பிரேக்குக்குக் கனிம எண்ணெய்தான். டாட் (DOT) எனும் வேறு வகை பிரேக் திரவம் பட்டால் உள்ளிருக்கும் ரப்பர் கெட்டுவிடும். எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்ற அரை மணி நேரம் ஆனது.

முடுக்கும் வேலையை நான் செய்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். ஸ்டியரரிலும் லீவர் நிற்கும் இடத்திலும் மணல் போன்ற நுண்துகள்கள் கலந்த கார்பன் பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசினோம். அந்தத் துகள்கள் உராய்வைக் கூட்டுவதால் குறைந்த முறுக்கிலேயே பிடி நிற்கும். முதலில் மேல் மூடியின் போல்ட்டைத் திருகி, ஹெட்செட்டின் ஆட்டம் நின்றதும் நிறுத்தினேன். பிறகு பின்பக்க போல்ட்டுகள் இரண்டையும் மாறி மாறி, கால் சுற்றாகத் திருகி, பாரில் அச்சிட்டிருந்த 5 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளக்கும் சாவி) ‘டிக்’ என்றதும் விட்டேன். இந்த வரிசை மாறினால் பேரிங் சரியாக இறுகாது. லீவர் பட்டைக்கு ஷிமானோ 6 முதல் 8 வரை அனுமதித்தாலும், பார் தயாரிப்பாளர் 6 என்று வரம்பு வைத்திருந்ததால் அதற்கு மேல் போகவில்லை. இரண்டில் குறைந்த எண்ணையே பின்பற்ற வேண்டும்.

எடையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பழைய பாரும் ஸ்டெமும் சேர்ந்து 410 கிராம், புதியது 345 கிராம். அந்த 65 கிராமை ஓட்டத்தில் நான் உணரவில்லை. உணர்ந்தது வேறு. ஏற்றத்தில் உள்ளங்கை அகலமாகப் படிவதால், கையில் முன்பு இருந்த எரிச்சல் இல்லை. வெளியே தெரியும் ஹோஸ் துண்டில் இருக்கும் தாராளத்தால், மைவி காரின் பின்னால் வண்டியை ஏற்றும்போது பாரை ஸ்டியரரிலிருந்து உருவி ஓரமாகச் சாய்த்து வைக்கவும் முடிகிறது.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி சோதித்தேன். ஒன்று மட்டும் சற்றுத் தளர்ந்திருந்தது. மூன்று மாதம் கழித்து டேப்பை மீண்டும் உரித்தேன். பார் அப்படியே இருந்தது. ஆனால் வலப்பக்க லீவர் பட்டையின் போல்ட் தலையில் துருவின் பழுப்பு நிறம் லேசாகத் தொடங்கியிருந்தது. அதைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, 6-இல் முடுக்கி, புது டேப்பைச் சுற்றினேன். ஓட்டம் முடிந்ததும் இப்போது வீட்டு வாசலில் பாரின் மேல் ஒரு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றித் துடைத்த பிறகே வண்டியை உள்ளே எடுத்து வைக்கிறேன்.