முப்பது மீற்றர் கணக்கு

"முப்பது மீற்றர்னா சரியா முப்பதுதானா சேர்? இருபத்தொம்பதுல நட்டா வெசமா?"

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் வரும் ஊற்றுக்கு மேலே உருளைக்கிழங்கு போட்டிருந்தவர், அளவு நாடாவின் நுனியைப் பிடித்தபடி கேட்டது இது. குடிநீர் ஊற்றிலிருந்து 30 மீற்றருக்குள் பயிர் இருக்கக்கூடாது என்ற விதிப்படி அவருடைய பாத்தியை அளந்துகொண்டிருந்தோம். கேலி இல்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். "விதி அப்படித்தாண்ணே" என்றேன். விதி அப்படித்தான். ஆனால் அவர் கேட்டது காரணத்தை. நான் சொன்னது காரணமல்ல.

30 மீற்றர் எங்கிருந்து வந்தது என்று இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். மலக்குழிக்கும் குடிநீர் எடுக்கும் இடத்துக்கும் நடுவே குறைந்தது அவ்வளவு தூரம் வேண்டும். நீர் மண்ணுக்குள் மெதுவாக நகரும்போது கிருமிகள் மண்துகள்களில் ஒட்டிக்கொள்ளும், நாளாக ஆகச் சாகும். எருவுக்கும் இது பொருந்தும். நுவரெலியா மாவட்டத்தில் கந்தப்பொளை, ராகலைப் பக்கம் மரக்கறிக்குப் போடுவது பெரும்பாலும் கோழி எருதான். அதை மக்கவிடாமல் பச்சையாகப் போட்டு, அடுத்த நாளே மழை பெய்தால், மேல்மண்ணோடு ஈகோலை என்ற குடற்கிருமியும் இறங்கி வந்து ஊற்றுத் தொட்டியில் சேரும். நீர் கலங்கினால் குளோரினும் சரியாக வேலை செய்யாது, டி.சி.எல். எனும் குளோரின் தூளில் ஒரு பங்கு சேற்றுக்கே செலவாகிவிடும். அந்த ஆபத்துக்கு 30 மீற்றர் நல்ல வேலிதான். அதை வற்புறுத்தியதில் எனக்கு இன்றும் தயக்கமில்லை.

தயக்கம் யூரியாவைப் பற்றியது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். அது மண்ணில் நைத்திரேற்றாக மாறும். களிமண்ணைப் போலவே நைத்திரேற்றுக்கும் எதிரேற்றம் என்பதால் மண் அதைப் பிடித்துவைக்காது, நீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். முப்பதிலும் நிற்காது, அறுபதிலும் நிற்காது. நம் மலை ஊற்றுகள் பல, மேல்மண்ணும் பாறையும் சந்திக்கும் இடத்தில் வெடிப்பு வழியாகக் கசிபவை. அங்கே தூரத்துக்கு இன்னும் மதிப்புக் குறைவு. ஒரு கிலோ நைதரசன் நைத்திரேற்றானால் ஏறத்தாழ 4.4 கிலோ. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வீணாகக் கசியும் அந்த ஒரு கிலோ, 88,000 லீற்றர் சுத்தமான நீரை எல்லைக்குக் கொண்டுபோய்விடும். குளோரின் அதை நீக்காது. கொதிக்கவைத்தால் ஆவியாகிக் குறைந்த நீரில் அதன் செறிவு கூடும். "சுட வச்சுக் குடிங்க" என்று கிருமிக்குச் சொல்லும் நல்ல அறிவுரை, இந்தத் தண்ணீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு உதவாது. குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறனை இழப்பதுதான் அங்கே பயம்.

ஆக, அவருடைய கேள்விக்கு நேர்மையான பதில் இரண்டு. எருவுக்கு முப்பது சரி. யூரியாவுக்கு முப்பது பெயருக்கு ஓர் எண். இரண்டையும் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லியிருந்தால், "அப்ப ஏன் சேர் என் பாத்திய எடுக்கச் சொல்றீங்க?" என்றுதான் அடுத்துக் கேட்டிருப்பார். அவர் இழந்தது கால் ஏக்கரில் மூன்றிலொரு பங்கு. அதுவும் மேலிருந்து இறங்கிய கறுப்பு மண் தேங்கிய நல்ல பகுதி. நிலம் தோட்டத்துடையது, கையில் காகிதமில்லை, நட்டஈடு என்ற பேச்சே கிடையாது. "அதே பீலியிலதான் எம் பேரப்புள்ளைங்களும் குடிக்குதுங்க" என்றும் சொன்னார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

உண்மையில் அந்த ஊற்றுக்கு முதலில் வந்த கேடு தண்ணீரின் அளவில்தான். சனவரியிலிருந்து மார்ச்வரை மழை குறையும் மாதங்களில் 20 லீற்றர் வாளி நிறைய 200 விநாடி எடுத்தால், அது விநாடிக்கு 0.1 லீற்றர், நாளுக்கு 8,640. இருபது குடும்பம், வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 50 லீற்றர் என்றால் 5,000 போய்விடும். மிச்சம் 3,640. கால் ஏக்கர் என்பது 40 பேர்ச், ஏறத்தாழ 1,010 சதுர மீற்றர். வெயில் நாளில் பயிர் 4 மில்லிமீற்றர் குடித்தால் 4,000 லீற்றருக்கு மேல். வாய்க்கால் இழப்பைச் சேர்க்காமலே கணக்கு இடிக்கிறது. அதைவிட மோசம் குழாயின் வேகம். 20 மீற்றர் இறக்கத்தில் 100 மீற்றர் நீளத்துக்கு அரை அங்குல ஹோஸ் போட்டு வாயைத் திறந்துவிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 0.17 லீற்றர் இழுக்கும். ஊற்று தருவதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். காலையில் லயத்தில் குடம் வைக்கும் நேரத்தில்தான் பாத்திக்கும் தண்ணீர் விடுவார்கள்.

கலிபோர்னியாவின் வடமேற்கு மலைகளில் கஞ்சாத் தோட்டங்கள் ஓடைகளை என்ன செய்கின்றன என்று 2015இல் வந்த ஆய்வில் ஒரு செடிக்குக் கோடை நாளில் 22.7 லீற்றர் என்று கணக்கிட்டிருந்தார்கள். வறண்ட காலத்தில் தேவை ஓடையின் ஓட்டத்தையே மிஞ்சக்கூடும் என்பது அதன் முடிவு. நம் ஊற்றை அந்தக் கணக்கில் வைத்தால் 380 செடி முழுவதையும் குடித்துவிடும். இலங்கையில் கஞ்சா பிடிபடும் செய்தி அடிக்கடி வருவது தணமல்வில போன்ற உலர்வலயக் காடுகளிலிருந்து. அங்கே 1929ஆம் ஆண்டின் போதைப்பொருள் கட்டளைச் சட்டம் செடியைப் பார்க்கும், பிடுங்கும், எரிக்கும். இங்கே உருளைக்கிழங்கு குற்றமல்ல. ஊற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் எனக்கு அது பெரிய வித்தியாசம். காட்டுக்குள் ஒளித்து வளர்ப்பவனிடம் ஹோஸைப் பற்றியும் எருவைப் பற்றியும் பேச முடியாது. இவரோடு பேச முடிந்தது. பேச முடிந்த இடத்தில் விதியைக் காட்டியதுதான் உறுத்துகிறது.

மறுபக்கமும் உண்டு. 1873இல் இலங்கையில் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது, தாவரவியலாளர் ஹூக்கரின் ஆலோசனையில். 4,990 அடியில் ஊற்றெடுக்கும் ஓடைக்கு அந்தக் கோடு நியாயமானதா? இல்லை. ஆனாலும் ஹோட்டன் சமவெளியைச் சுற்றிய காடு கோப்பிக்கும் தேயிலைக்கும் போகாமல் மிஞ்சியதற்கு அந்த முழு எண்ணும் ஒரு காரணம். "மண்ணைப் பொறுத்து, மழையைப் பொறுத்து" என்று அறிக்கை எழுதினால் யாரும் வேலி அடிக்கமாட்டார்கள். 30 என்றால் கம்பு நடுவார்கள். இப்படி நினைக்கும்போது நான் செய்தது சரியென்றே படுகிறது.

பிறகு அந்தப் பாத்திகளின் திசை நினைவுக்கு வரும். கிழங்கு அழுகக்கூடாது என்று மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்திருந்தார். யூரியாவும் மங்கோசெப் என்ற பூஞ்சண மருந்தும் நேரே ஊற்றை நோக்கி வர அதுவே வழி. முப்பது மீற்றரைப் பறிக்காமல், தேயிலை மலையில் வெட்டுவதுபோல 120 அடிக்கு ஓர் அடி இறக்கமாகக் குறுக்கு வடிகான் வெட்டி, இடையிடையே வண்டல் குழி வைத்து, நீரை ஊற்றைத் தாண்டி வேறு பக்கம் வடியவிட்டிருந்தால்? யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட, எருவை மக்கவைத்துப் போட, மருந்து டேங்கியைத் தொட்டியருகே கழுவாமல் பாத்தியிலேயே அலசி ஊற்றச் சொல்லியிருந்தால்? இவை காவலில்லாமல் நடக்காது. வேலிக்குக் காவல் வேண்டாம்.

தண்ணீர் அளவுக்கு வழி இன்னும் எளிது. ஊற்றுத் தொட்டியில் லயத்துக்குப் போகும் குழாய் கீழே, வழிவுக் குழாய் மேலே. பாத்திக்கு வழிவிலிருந்து மட்டும். வழிவு நீர் திறந்த பீப்பாயில் இடைவெளி விட்டு விழவேண்டும். ஹோஸை நேரே தொட்டிக்குள் போட்டால் அது கீழ்மட்டம்வரை உறிஞ்சிவிடும், அதனால் மூடிக்குப் பூட்டு. லயத்துத் தாங்கியில் மிதவை வால்வு இல்லாவிட்டால் இரவு நீர் முழுதும் அங்கேயே வழிந்து வீணாகும், மேலே பீப்பாய்க்கு ஒன்றும் மிஞ்சாது. இதை அங்கே செய்தோம், வேலை செய்கிறது.

நீர்ப் பரிசோதனை அறிக்கை எல்லைக்குள் என்றுதான் வந்தது. மாதிரி எடுத்தது வாகனம் மேலே ஏறக்கூடிய காய்ந்த நாளில். நைத்திரேற்று இறங்குவது உரம் போட்டபின் வரும் முதல் பெருமழையில். அன்று பாதை சறுக்கும், யாரும் போவதில்லை. இப்போது எழுதும் அறிக்கைகளில் 30 மீற்றர் என்ற வரிக்குக் கீழே, உரம் போட்டபின் முதல் மழைக்கு மறுநாள் மாதிரி எடுக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கிறேன், எடுப்பவர் லயத்திலேயே இருக்கவேண்டும், போத்தலும் பனிக்கட்டிப் பெட்டியும் அங்கேயே இருக்கவேண்டும் என்றும். அந்த மாதிரியில் நைத்திரேற்று 50ஐத் தாண்டினால் உருளைக்கிழங்கு போட்டவரின் மிச்ச நிலத்தையும் கேட்க வேண்டிவரும். தாண்டாவிட்டால், எடுத்த மூன்றிலொன்றை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.