மலைவேம்பில் ஒரு கனூ: வெளிப்பக்கம் முடிந்தது

நான் கட்டிக்கொண்டிருக்கும் கனூ, அதாவது துடுப்பால் வலிக்கும் ஒடுக்கமான சிறு வள்ளம், கண்ணாடி இழைத்துணி ஒட்டி, எப்பொக்சி என்ற இருகலவைப் பசையும் காய்ந்து, இப்போது பின்வளவில் கவிழ்ந்து கிடக்கிறது. நீளம் 14 அடி, நடுவில் அகலம் 30 அங்குலம். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பிர்ச் மரப்பட்டையில் கட்டிய கனூவின் வடிவம்தான். கட்டும் முறை வேறு: பிளைவுட்டில் வெட்டிய அச்சுகளை அடிக்கு ஒன்றாக நிறுத்தி, அவற்றின் மேல் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய மரச் சட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அச்சு விளிம்பில் பிளாஸ்ரிக் நாடா ஒட்ட மறக்கக் கூடாது; இல்லாவிட்டால் பசையில் அச்சும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

அங்கே இதற்கு சீடர் மரம் எடுப்பார்கள். இங்கே மரக்காலையில் வள்ளம் என்று சொன்னதுமே சாவண்டலையைக் காட்டினார்கள். அதில் பிழை இல்லை. வெளிநாட்டு மரச்சந்தையில் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர். சென்னைக் கரையில் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளுக்கு ஒருகாலத்தில் இங்கிருந்து போன மரம் அது. ஆனால் முழு உடலையும் அதில் செய்தால் தூக்க நாலு பேர் வேண்டும். நான் எடுத்தது மலைவேம்பு. கட்டுமரத்துக்கும், ஒருபக்க மிதவை வைத்த வள்ளத்தில் அந்த மிதவைக்கும் பயன்பட்ட இலேசான மரம். நகம் பட்டாலே தடம் விழும் அளவுக்கு மென்மைதான். இருந்தாலும் உள்ளும் வெளியும் இழைத்துணி வந்துவிட்டால் பாரத்தைத் தாங்குவது துணிதான். மரம் நடுவில் இருந்து வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

சட்டம் ஒட்டும் வேலையில் அளவுகோலைவிடக் கண்தான் முக்கியம். கிண்ணியாவில் வள்ளம் கட்டிப் பழகிய ஓடாவி ஒருவர் ஒரு நாள் வந்து பார்த்தார். அளவு ரேப்பைத் தொடவே இல்லை. அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, நேரே குந்தியிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சட்டங்களின் ஓட்டத்தைப் பார்த்தார். "தம்பி, மூணாவது அச்சில மேடு நிக்குது, சீவுங்க" என்றார். "அளவு சரியாத்தானே நானா இருக்கு?" என்று கேட்டேன். "அளவு சரிதான், ஓட்டம் சரியில்ல." அச்சின் விளிம்பைக் கொஞ்சம் சீவியதும் சட்டம் தானாகவே அமர்ந்தது. ஃபைபர் படகு வந்த பிறகு அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழுதுபார்க்கும் வேலைதான். அச்சு எதுவும் இல்லாமல் பலகையை வளைத்து அவர் கட்டிய பழைய தோணி ஒன்றைக் காட்டினார். பக்கவாட்டில் பார்த்தால் விளிம்புக்கோடு எங்கேயும் தடுக்காமல் ஓடுகிறது. பொறாமையாகத்தான் இருந்தது.

எப்பொக்சிக்கு நம்மூர் வெயில் எதிரி. காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழாக வெளியே வரும். வெப்பம் இறங்கத் தொடங்கும் பின்னேரத்தில் பூசினால் மரம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கலவையைக் குவளையில் அப்படியே விட்டால் சூடேறிச் சீக்கிரம் கட்டியாகும். தட்டையான தட்டில் ஊற்றினால் வேலைக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஈரக்காற்றில் காய்ந்தால் மேலே மெழுகுபோல ஒரு படலம் படியும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் சாண்ட்பேப்பர் தொடலாம்.

கொட்டியாரக் குடாக் கரையில் மூதூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸின் ஞாபகம் வரும். புயலில் பாய்மரத்தை இழந்த அவருடைய கப்பல், புது மரம் பொருத்தத்தான் அந்தக் குடாவுக்கு வந்தது. 1660இல் பிடிபட்டவர் கண்டி இராச்சியத்திலிருந்து தப்ப ஏறக்குறைய 20 வருடம் ஆனது. ஒரு மரத்துக்காக வந்து பட்ட பாடு!

சரி, மிச்ச வேலை: நிமிர்த்தி அச்சுகளைக் கழற்றி, உள்ளே துணி ஒட்ட வேண்டும். குழிவான பக்கம் என்பதால் துணி மேலெழும்பப் பார்க்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். விளிம்புச் சட்டத்துக்கு மட்டும் சாவண்டலை வாங்கி வைத்திருக்கிறேன். கரையில் முட்டி அடிபடுவது அந்த இடம்தான். எப்பொக்சி வெயிலில் பழுதாகும் என்பதால் கடைசியில் வார்னிஷ். வாடை மழை தொடங்குவதற்குள் திருகோணமலை உட்துறைமுகத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும்.