கிதாரிலேயே எழுதியிருக்கிறது

ஜிம்மில் இன்று ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் ('இயந்திரத்துக்கு எதிரான சீற்றம்') என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டு ஓடியது. பக்கத்தில் டம்பெல்ஸ் தூக்கிக்கொண்டிருந்த தம்பி சொன்னான்: "மியூசிக் செம அண்ணா. அரசியல் மட்டும் இல்லன்னா இன்னும் நல்லா இருக்கும்."

அடப்பாவி!

1992இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில், 1963இல் வியட்நாமின் சைகோன் தெருவில், அரசை எதிர்த்துத் தீக்குளித்து, தீக்குள் அசையாமல் அமர்ந்திருக்கும் புத்த பிக்கு. குழுவின் கிதார் கலைஞர் டாம் மொரெல்லோவின் கிதாரில் 'வீடற்றவர்களுக்கு ஆயுதம் கொடு' என்று கொட்டை எழுத்து. இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

2012இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் பால் ரயனும் இவர்களுடைய ரசிகர்தான். எங்கள் இசை எதிர்க்கும் இயந்திரத்தின் உருவமே அவர்தான் என்று மொரெல்லோ எழுதிவிட்டார். பாவம் மனிதர்!

தம்பியையும் ஒரேயடியாகத் திட்ட மனம் வரவில்லை. அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) யாரையும் தலையாட்ட வைக்கும். ஆனால் அந்தக் கோபம் இல்லாமல் அந்த ரிஃப் பிறந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.