கூத்தச் சாக்கையனைத் தேடிப் போன இடம்

எமது கல்லூரியின் உயர்தர வகுப்பில் சிலப்பதிகாரத்தின் நடுகற் காதையைக் கற்பித்த தமிழாசிரியர், பறையூர்க் கூத்தச் சாக்கையன் செங்குட்டுவன் முன் ஆடிய கொட்டிச்சேதம் என்னும் சிவன் கூத்தை விளக்குகையில், சிவனின் பாதி ஆட, உமையின் பாதியில் பாடகமும் பதையாது, சூடகமும் துளங்காது நின்றதென்று சொல்லி, இடக்கையை அசையாது வைத்துக்கொண்டு வலக்கையை மட்டும் ஆட்டிக் காட்டினார். பின் வாங்கில் இருந்த நாங்கள் சிரித்தோம். அந்தச் சாக்கையர் மரபினரே, கேரளத்தில் கூடியாட்டம் என்னும் வடமொழி நாடகத்தை ஆடும் சாக்கியார்கள் என ஆய்வாளர் பலர் கருதுவதை அவர் சொன்னாரோ, நான்தான் கேளாதிருந்தேனோ, நினைவில்லை.

பல ஆண்டுகளின் பின், இலண்டனிலிருந்து விடுமுறையில் சென்றபோது, செறுதுருத்தியிலுள்ள கேரள கலாமண்டலம் என்னும் கலைப் பயிற்சி நிறுவனத்தின் கூத்தம்பலத்தில், அதாவது நாடக அரங்கில், கூடியாட்டம் பார்த்தேன். வடமொழி நாடகாசிரியர் பாசனின் 'அபிஷேக நாடக'த்தில் வரும் தோரணயுத்தம் என்னும் அங்கம் அன்று ஆடப்பட்டது. நம்பியார் மிழாவு என்னும் குடமுழவை முழக்க, நங்கியார் குழித்தாளம் தட்ட, இராவணன் கயிலையை அடியிலிருந்து முடிவரை கண்களாலேயே அளந்தான். மலையின் உயரம் எனக்கும் தெரிந்தது. பின்பு கங்கையின் பொருட்டுச் சிவனும் பார்வதியும் பிணங்கும் காட்சியில், அதே நடிகர் ஆடைத் தலைப்பை இடுப்பிற் செருகிப் பார்வதியானார். அதை எடுத்துவிட்டுச் சிவனானார். ஆசிரியரின் அசையாத இடக்கை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

கோயிற் கூத்தம்பலத்துக்கும் சில குடும்பங்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்த இக்கலை, கோயில்களின் ஆதரவு குன்றியபோது அவற்றோடு சேர்ந்தே நலிந்தது. 1962இல் வடமொழி அறிஞர் வே. இராகவனின் அழைப்பின் பேரில் மாணி மாதவ சாக்கியார் சென்னையில் ஆடினார். 1965இல் கலாமண்டலம் தனித் துறை தொடங்கியபோது, பைங்குளம் ராம சாக்கியார் பிற குலத்துப் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். 2001இல் யுனெஸ்கோ அளித்த மதிப்பைவிட, அந்த வகுப்பறையையே நான் பெரிதாக எண்ணுகிறேன். ஓர் அங்கத்தையே பல இரவுகள் ஆடும் மரபைப் பயணிகளுக்காக ஒன்றரை மணி நேரமாகச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், நான் கண்டதும் அத்தகைய சுருக்கமே என்பதை மறைப்பது முறையன்று.

மறுநாட் காலை களரி எனப்படும் பயிற்சிக்கூடத்தில் ஒரு மாணவி, சாக்கியார் குடும்பத்தவள் அல்லள், ஆசிரியரின் தாளத்துக்கேற்பக் கண்மணிகளைச் சுழற்றிப் பயின்றுகொண்டிருந்தாள். நான் வாயிலில் நின்ற நேரம் முழுவதும் அவளது கழுத்துக்கூட அசையவில்லை.