கோணல் சுவர்

மதியம் ஒரு பழைய கட்டடத்தோட லேசர் ஸ்கேன (லேசர் ஒளி பட்ட ஒவ்வொரு இடத்தையும் ஒரு புள்ளியா அளந்து வைக்கிறது) ஸ்கிரீன்ல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தேன். சுவர் நேரா இல்ல. மேல போகப் போக லேசா வெளிய சாயுது, நடுவுல தொப்பை வேற.

இந்த ஸ்கேன வச்சு 3டி மாடல் பண்ற சாஃப்ட்வேருக்கு இது ஆகாது. அதுக்கு சுவர்னா செங்குத்து, மூலைன்னா 90 டிகிரி. ரெண்டு கிளிக்ல நேராக்கிடலாம், பாக்கவும் பளிச்சுன்னு இருக்கும், ஆனா உள்ள தண்ணி இறங்கியிருக்கா, அஸ்திவாரம் ஒரு பக்கம் உக்காந்துருச்சான்னு சந்தேகப்பட வைக்கிறதே அந்தத் தொப்பைதான், அத அழிச்சிட்டு மாடல் எதுக்குங்க?

பாரிஸ் நோட்ர டாம் தேவாலயத்த ஆண்ட்ரூ டாலன்னு ஒரு கலை வரலாற்றுப் பேராசிரியர் இப்படித்தான் லேசர் வச்சு அளந்தார். 100 கோடிக்கு மேல புள்ளிகள். மேற்குப் பக்கத்துல உள்தூண்கள் ஒரே வரிசையில இல்லங்கறதெல்லாம் அதுலதான் தெளிவா தெரிஞ்சுது. அவர் 2018ல இறந்துட்டார். 2019 ஏப்ரல்ல கூரை எரிஞ்சுது. திருப்பிக் கட்டினவங்களுக்கு அந்த ஸ்கேனும் கை குடுத்துச்சு.

அவர் அந்தக் கோணல நேராக்கி வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க!

(சினிமா மாதிரி சுத்திக் காட்டுற 3டி வீடியோவுக்குக் கிடைக்கிற கைதட்டல் இந்த அளவெடுக்கிற வேலைக்குக் கிடைக்காது, அது வேற கதை.)

என் கவலை ஃபைல் பத்தி. 30 வருஷம் கழிச்சு இந்த சாஃப்ட்வேர் இருக்குமா? அதனால மாடல் மட்டும் போதாது, ஸ்கேன் பண்ண புள்ளிகள அப்படியே, எந்த சாஃப்ட்வேரும் திறக்கற பொது ஃபார்மட்ல, ரெண்டு மூணு இடத்துல போட்டு வைங்க.