மறக்கப்பட்ட ஒரு தேவியை எழுதிய கதை

நான் எழுதிவரும் மிகைபுனைவு நாவலில் வீழ்ந்துபோன பேரரசு ஒன்று வருகிறது. அதன் மக்கள் மறந்துவிட்ட தேவி ஒருத்தியும் வேண்டியிருந்தாள். இடிந்த கோயில், புதர் மண்டிய கருவறை, தலை போன சிலை என்று எழுதிவிடலாம். ஆனால் அதெல்லாம் கோயில் இடிந்த கதை. ஒரு தெய்வத்தைக் கும்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அவள் பெயர்கூடத் தெரியாமல் போவது எப்படி? எனக்கு அந்தக் கதைதான் வேண்டும். அதனால் உண்மையிலேயே அப்படிப் போன ஒருத்தியைத் தேடிப் படித்தேன். இன்றைய ஈராக்கின் தெற்கில் இருந்த பழைய சுமேரியாவின் நிசாபா.

அவள் முதலில் தானியத்தின் தேவி. தானியத்துக்குக் கணக்கு வேண்டும், கணக்குக்கு எழுத்து வேண்டும். அப்படி எழுத்துக்கும் தேவி ஆனாள். லகாஷ் என்ற சுமேரிய நகரை ஆண்ட குடியா கோயில் கட்டுவதற்கு முன் கண்ட கனவில், எழுத்தாணியோடும் விண்மீன்கள் பொறித்த பலகையோடும் ஒரு பெண் வருகிறாள். அவள்தான் நிசாபா. அந்தக் கனவு எழுதப்பட்ட களிமண் உருளைகள் இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடுத்து ‘ஊர்’ (Ur) என்ற பெயருடைய நகரிலிருந்து ஒரு பேரரசை ஆண்ட மூன்றாவது வம்சத்து ஷுல்கி மன்னனின் துதிப்பாடலில், அவனுக்கு அறிவைத் தந்தவள் நிசாபா என்று வருகிறது.

கி.மு. 2004 வாக்கில் கிழக்கே இருந்த ஈலாமியரின் படையெடுப்பில் அந்தப் பேரரசு விழுந்தது. ஆனால் நிசாபா விழவில்லை! அதற்கு இருநூறு ஆண்டுகள் கழித்தும் நிப்பூர் நகரில் எழுதப் பழகிய மாணவர்கள் பல பாடல்களின் கடைசி வரியாக ‘நிசாபாவுக்குப் புகழ்’ என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு பாபிலோனில் நபு என்ற ஆண் தெய்வத்தின் செல்வாக்கு வளர வளர, எழுத்தாணி மெல்ல அவன் கைக்குப் போனது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் நினிவேயில் இருந்த அசீரிய அரசன் அசுர்பனிபாலின் நூலகக் களிமண் பலகைகளில், அரசனுக்கு அறிவு தந்தவர்களாக நபுவையும் அவன் மனைவி தஷ்மேத்துவையும் சொல்லும் குறிப்புகள் பல உண்டு.

இதைப் படித்ததும் என் கதைக்கு வழி கிடைத்துவிட்டது. படையெடுத்து வந்தவன் அவளை அழிக்கவில்லை. அவள் பார்த்த வேலையை வேறொருவனுக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

என் தேவிக்கு அளவையை வேலையாகக் கொடுத்தேன். களஞ்சியத்து ரசீது ஒவ்வொன்றும் அவள் பெயரோடு முடியும். பேரரசு விழுந்த பிறகும் அது நிற்காது, ஏனென்றால் புதிதாக வந்தவனுக்கும் வரி வேண்டுமே. சில தலைமுறை கழித்து அவனுடைய குலதெய்வத்தின் கையில் அளவுகோல் வருகிறது. இவள் அந்தத் தெய்வத்தின் மனைவியாகிறாள். அப்புறம் ரசீதில் அந்தத் தெய்வத்தின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

இதை எந்தப் பாத்திரமும் உட்கார்ந்து விளக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். கிழட்டுப் பூசாரி ஒருவரைக் கொண்டுவந்து பழங்கதை சொல்ல வைத்தால் காரியம் முடிந்துவிடும், ஆனால் மறதியின் வலி வாசகருக்குப் போய்ச் சேராது. அதனால் வெவ்வேறு காலத்து ரசீதுகளை அத்தியாயங்களின் தலைப்பில் வைத்தேன். கடைசி வரி மாறிக்கொண்டே வருவதை வாசகரே கவனிக்கட்டும்.

அவள் முழுக்கவும் போய்விடக் கூடாது என்றும் ஆசை இருந்தது. அங்கே நம் ஊர்க் களம் கைகொடுத்தது. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று சொல்லி அளப்பார்களே, அந்த வழக்கத்தை என் உலகத்து உப்பு வியாபாரிகளுக்குக் கொடுத்தேன். அவர்கள் முதல் அளவை அவள் பெயரைச் சொல்லித்தான் போடுவார்கள். அது ஒரு தெய்வத்தின் பெயர் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. ரசீதுகளைப் படியெடுக்கும் என் கதாநாயகி சந்தையில் அதைக் காதால் கேட்கிறாள். நாவலின் இரண்டாம் பாகம் அங்கிருந்து தொடங்குகிறது. இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.